ஐகான்களுக்குப் பின்னால் ஓடும் அருவி

ஸ்ரீபெரும்புதூருக்கும் சிங்கப்பெருமாள் கோயிலுக்கும் இடையே, ஒரகடத்தை நடுவில் வைத்துப் பரந்து கிடக்கும் தொழில் பட்டையைக் காரும் லாரியும் மோட்டார் சைக்கிளும் உருவாகும் இடமாகவே பலர் அறிந்திருக்கின்றனர். அதே பட்டை திரையுள்ள கருவிகள் பெருமளவில் பொருத்தப்படும் இடமாகவும் இருப்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. நோக்கியா நிறுவனம் 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் கைப்பேசி உற்பத்தியைத் தொடங்கியது. 2007-இல் டெல் நிறுவனத்தின் கணினித் தொழிற்சாலையும் சாம்சங் நிறுவனத்தின் தொலைக்காட்சித் தொழிற்சாலையும் அங்கேயே இயங்கத் தொடங்கின. நோக்கியாவின் ஆலை 2014-இல் உற்பத்தியை நிறுத்திவிட்ட போதிலும், 2019 முதல் பாக்ஸ்கான் ஆலையில் ஐபோன்கள் பொருத்தப்பட்டு வருகின்றன. ஆண்டுகளின் வரிசையில் தற்செயலான ஓர் ஒற்றுமை உண்டு. டெல்லின் மேசைக் கணினிகள் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வெளிவரத் தொடங்கிய அதே 2007-இல்தான், விண்டோஸ் விஸ்டா இயங்குதளத்தின் மிக உயர்ந்த விலைப் பதிப்பான அல்டிமேட்டை வாங்கியவர்களுக்கு மட்டும் ‘டிரீம்சீன்’ என்ற சிறு மென்பொருளை மைக்ரோசாஃப்ட் வழங்கியது. கணினியின் முகப்புத் திரையில், கோப்புகளையும் நிரல்களையும் குறிக்கும் ஐகான்களுக்குப் பின்னால், அசையாத புகைப்படத்துக்குப் பதிலாக ஓடும் அருவியையோ அசையும் நாணலையோ வீடியோவாக வைக்க அது வழிசெய்தது. இன்று ‘வீடியோ வால்பேப்பர்’ என்றும் ‘லைவ் வால்பேப்பர்’ என்றும் இளைஞர்கள் அழைப்பது இதைத்தான்.

பார்ப்பதற்கு எளிய அலங்காரமாகத் தோன்றும் இந்த வசதி, கணினி எவ்வாறு படம் வரைகிறது, எவ்வாறு படத்தைச் சுருக்குகிறது, எப்போது ஓய்வெடுக்கிறது என்ற மூன்று கேள்விகளையும் ஒரே இடத்தில் எழுப்புகிறது. அவற்றுள் மூன்றாவதே முதன்மையானது; ஏனெனில் வீடியோ வால்பேப்பரின் உண்மையான செலவு அது செய்யும் வேலையில் இருப்பதைவிட, அது கலைத்துவிடும் தூக்கத்தில்தான் அதிகம் இருக்கிறது.

திரையின் பின்புலம் தொடக்கத்தில் படமாகவே இருக்கவில்லை. 1984-இல் வந்த மேக்கின்டாஷ் கணினியில், கறுப்பும் வெள்ளையுமாக எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட ஒரு சிறு கட்டம், கோலத்தில் வைக்கும் புள்ளிகளைப் போலத் திரை முழுவதும் திரும்பத் திரும்ப அடுக்கப்பட்டது. பயனர் விரும்பினால் அந்தக் கட்டத்தை மாற்றிக்கொள்ளலாம். நினைவகம் அரிதாக இருந்த அக்காலத்தில் ஒரு முழுப் புகைப்படத்தைப் பின்னால் வைப்பது ஊதாரித்தனமாகக் கருதப்பட்டிருக்கும். அதே காலத்தில் திரைகளுக்கு வேறொரு சிக்கலும் இருந்தது. அன்றைய கண்ணாடிக் குழாய்த் திரைகளில், எலக்ட்ரான் கற்றை மோதியதும் ஒளிரும் பாஸ்பர் என்ற பூச்சு உட்புறத்தில் தடவப்பட்டிருந்தது. ஒரே எழுத்து ஒரே இடத்தில் பல மாதங்கள் நின்றால் அந்த இடத்தில் பூச்சு மற்ற இடங்களைவிட விரைவாகத் தேய்ந்து, திரையை அணைத்த பின்னும் எழுத்தின் நிழல் தெரியும். இதற்கு ‘பர்ன்-இன்’ என்று பெயர். ஜான் சோசா என்பவர் 1983-இல் எழுதி வெளியிட்ட முதல் திரைக்காப்பான், விசைப்பலகை மூன்று நிமிடங்கள் தொடப்படாவிட்டால் திரையைக் கறுப்பாக்கிவிடும். அதற்கு மேல் அது எதுவும் செய்யாது. 1989-இல் வெளிவந்த ‘ஆஃப்டர் டார்க்’ தொகுப்பு அந்தக் கறுப்புத் திரையில் சிறகு முளைத்த ரொட்டி வாட்டிகளைப் பறக்கவிட்டு, பாதுகாப்புக் கருவியை வேடிக்கைப் பொருளாக மாற்றியது. (கணினித் தொழிற்சாலைகளில் ‘பர்ன்-இன்’ என்ற அதே சொல்லுக்கு முற்றிலும் வேறு பொருள் வழங்குகிறது: புதிதாகப் பொருத்திய கணினியை அட்டைப்பெட்டியில் அடைக்கும் முன் பல மணி நேரம் முழுச் சுமையில் ஓடவிட்டு, பழுதுள்ள பாகத்தை அங்கேயே பழுதாகச் செய்துவிடும் சோதனை அது.)

அசைவு திரைக்காப்பானிலிருந்து வால்பேப்பருக்குத் தாவியதும் படிப்படியாகத்தான். 1997-இல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த ‘ஆக்டிவ் டெஸ்க்டாப்’ வசதி ஓர் இணையப் பக்கத்தையே பின்புலமாக ஒட்டியது; கணினி அதைத் தாங்காமல் அடிக்கடி தடுமாறியதால் பலர் அதை அணைத்தே வைத்திருந்தனர். டிரீம்சீன் 2009-இல் வந்த விண்டோஸ் 7-உடன் கைவிடப்பட்டது. அதன் பின் இந்த இடத்தைப் பிற மென்பொருள்கள் பிடித்துக்கொண்டன. 2016-இல் விளையாட்டு விற்பனைத் தளமான ஸ்டீமில் வெளியான ‘வால்பேப்பர் எஞ்சின்’ அவற்றுள் மிகுந்த செல்வாக்குப் பெற்றது. ‘லைவ்லி வால்பேப்பர்’ என்பது இலவசமாகக் கிடைக்கும் திறந்தமூல மென்பொருள். கைப்பேசியில் ஆண்ட்ராய்டு 2010-ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே லைவ் வால்பேப்பரை ஏற்றுக்கொண்டது. ஆப்பிள் 2023-இல் வெளியிட்ட மேக் இயங்குதளமான சோனோமாவில், பூட்டுத்திரையில் மெதுவாக நகரும் வான்வழிக் காட்சிகள், பயனர் உள்நுழைந்ததும் வேகம் குறைந்து நின்று அசையாத வால்பேப்பராகிவிடுகின்றன. கடைசியாகச் சொன்ன இந்தச் சிறு நுட்பத்தில்தான் மற்ற எல்லாவற்றையும்விட அதிக அறிவியல் ஒளிந்திருக்கிறது என்பது பின்னால் விளங்கும்.

ஐகான்களுக்குப் பின்னாலும் வால்பேப்பருக்கு முன்னாலும் ஒரு வீடியோவைச் செருகுவது எப்படி என்பது அடுத்த கேள்வி. நவீன இயங்குதளங்களில் ஒவ்வொரு நிரலும் நேரடியாகத் திரையில் வரைவதில்லை. தன் சாளரத்தைத் தனியே ஒரு நினைவகப் பகுதியில் வரைந்து வைக்க, அந்தத் தனித்தனிப் படங்களை மேலும் கீழுமாக அடுக்கி ஒரே படமாகச் சேர்க்கும் பொறுப்பை ‘அடுக்குச் சேர்ப்பான்’ எனத்தக்க ஒரு நிரல் ஏற்கிறது. கண்ணாடித் தகடுகளில் தனித்தனியே வரைந்த ஓவியங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து மேலிருந்து பார்ப்பதற்கு இது ஒப்பானது. விண்டோஸில் முகப்புத் திரைக்குரிய அடித்தகட்டுக்கு இன்றும் ‘ப்ராக்மேன்’ என்பதே உட்பெயர்; 1990-இல் வெளிவந்த விண்டோஸ் 3.0-இன் ‘ப்ரோகிராம் மேனேஜர்’ என்ற நிரலின் சுருக்கப் பெயர் அது. நிரல் மறைந்து பல பத்தாண்டுகள் ஆகியும் பழைய மென்பொருள்கள் முறிந்துவிடக் கூடாது என்பதற்காகப் பெயர் மட்டும் வாழ்கிறது. அந்த ப்ராக்மேனுக்கு, மைக்ரோசாஃப்டின் ஆவணங்களில் இடம்பெறாத ஒரு குறிப்பிட்ட எண்ணைச் செய்தியாக அனுப்பினால், ஐகான்கள் உள்ள தகட்டுக்கு அடியில் புதிய வெற்றுத் தகடு ஒன்று உண்டாவதை நிரலாளர்கள் கண்டுபிடித்தனர். வீடியோ வால்பேப்பர் மென்பொருள்களில் பல இந்தப் பின்கதவு வழியாகவே நுழைகின்றன. முறைப்படி திறக்கப்படாத கதவு என்பதால் அது எப்போது வேண்டுமானாலும் இடம் மாறலாம். 2024-இல் விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு வந்தபோது வால்பேப்பர் மென்பொருள்கள் சில செயலிழந்தன. அவை நிறுவப்பட்டிருந்த கணினிகளுக்கு அந்தப் பதிப்பை வழங்குவதையே மைக்ரோசாஃப்ட் சில காலம் நிறுத்தி வைத்தது.

தகடு கிடைத்துவிட்டது, அதில் படம் ஓட வேண்டும். இங்கேதான் எண்ணிக்கை மிரட்டுகிறது. அகலத்தில் 1,920, உயரத்தில் 1,080 என்ற அளவுள்ள திரையில் 20,73,600 படப்புள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று பைட் வீதம் ஒரு படத்துக்கு ஏறத்தாழ 6.2 மெகாபைட் தேவை. நொடிக்கு 30 படங்கள் என்றால் நொடிக்கு 187 மெகாபைட். 20 நொடி ஓடும் ஓர் அருவிக்கு 3.7 கிகாபைட். ஆனால் நடைமுறையில் அதே அருவியை 20 மெகாபைட் கோப்பாக இறக்கிக்கொள்ள முடிகிறது. நூற்றெண்பது மடங்குக்கும் மேலான இந்தச் சுருக்கத்தின் அடியில் இருக்கும் கணிதம், தென்னிந்தியத் தொடர்புடையவர்களின் கைவண்ணம் என்பதைத் தமிழ் வாசகர் அறிந்திருப்பது நல்லது.

பெங்களூரில் 1940-இல் பிறந்து, அமெரிக்காவின் கான்சஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய நசீர் அகமது, படத் தகவலைச் சுருக்குவதற்குக் கொசைன் அலைகளைப் பயன்படுத்தலாம் என்ற எண்ணத்தை ஆராய 1972-இல் அந்நாட்டின் தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் நிதி கேட்டார். எண்ணம் மிக எளிமையாக இருக்கிறது என்ற கருத்தோடு அந்த விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. அவர் விடவில்லை, தம் ஆய்வு மாணவரான டி. நடராஜன், சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டம் பெற்று டெக்சாஸில் பேராசிரியராக இருந்த கே. ஆர். ராவ் ஆகியோருடன் சேர்ந்து 1974 ஜனவரியில் நான்கே பக்கங்கள் கொண்ட ஒரு கட்டுரையை வெளியிட்டார். ‘தனித்த கொசைன் உருமாற்றம்’ என்ற அந்த முறையே பின்னர் ஜேபெக் புகைப்படத்துக்கும் எம்பெக் வீடியோவுக்கும் அடித்தளமாயிற்று. 2003-இல் தரப்படுத்தப்பட்டு இன்றும் வால்பேப்பர் கோப்புகளில் பெரிதும் பயன்படும் எச்.264 முறையும் அதன் முழு எண் வடிவத்தைத்தான் கையாள்கிறது. எளிமையாக இருக்கிறது என்பதை ஒரு குறையாக எழுதிய அந்த மதிப்பீட்டாளரின் பெயர் வரலாற்றில் நிற்கவில்லை.

அந்த உருமாற்றம் செய்யும் வேலையை, ஒரகடம் அமைந்துள்ள காஞ்சிபுரம் மாவட்டத்தின் புடவைக் கட்டங்களைக் கொண்டே விளக்கலாம். படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் உள்ள சிறு சதுரங்களாக வெட்டிக்கொண்ட பின், ஒவ்வொரு சதுரத்தையும் 64 அடிப்படை வடிவங்களின் கலவையாக எழுத முடியும். அவற்றுள் முதலாவது ஒரே நிறமான வெற்றுத் துணி, அடுத்தவை அகலக் கோடுகள், அதற்கடுத்தவை பெரிய கட்டங்கள், கடைசியில் முத்துக்கட்டம் போல மிக நெருக்கமான பொடிக் கட்டங்கள். வானமோ தண்ணீரோ உள்ள ஒரு சதுரத்தை எழுதப் பெரும்பாலும் வெற்றுத் துணியும் ஓரிரு அகலக் கோடுகளும் போதும். பொடிக் கட்டங்களின் பங்கு பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும். கண்ணும் பொடிக் கட்டத்தின் நுண்ணிய வேறுபாட்டை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. எனவே அந்தப் பங்குகளைத் தூக்கி எறிந்துவிட்டு மிச்சத்தை மட்டும் சேமித்தால், 64 எண்களுக்குப் பதில் ஐந்தாறு எண்களே மிஞ்சுகின்றன.

இதற்கு மேல் வீடியோவுக்கே உரிய இன்னொரு சிக்கனம் உண்டு. அருவிக் காட்சியில் பாறையும் மரமும் ஒரு படத்திலிருந்து அடுத்த படத்துக்குள் நகர்வதில்லை. ஆகவே முதல் படத்தை மட்டும் முழுமையாகச் சேமித்து, அதற்கடுத்த படங்களில் எந்தச் சதுரம் எவ்வளவு இடம் பெயர்ந்தது, எங்கே புதிதாக என்ன தோன்றியது என்ற வேறுபாட்டை மட்டும் எழுதினால் போதும். முழுமையாக எழுதப்பட்டது ‘சாவிப்படம்’ எனப்படும். கேமரா அசையாமல் நின்று எடுத்த காட்சி சிறிய கோப்பாவதும், மழையோ கொட்டும் பனியோ நிறைந்த காட்சி பெரிய கோப்பாவதும் இதனால்தான்: ஒவ்வொரு துளியும் ஒவ்வொரு படத்திலும் புது இடத்தில் இருக்கும்போது முந்தைய படத்திலிருந்து கடன் வாங்க எதுவும் இல்லை. சுருக்கியதை மீண்டும் விரிக்கும் வேலையைச் செய்வதற்கென்றே கிராபிக்ஸ் சிப்பில் தனியாக ஒரு சுற்று ஒதுக்கப்பட்டிருக்கிறது. அது வேறெந்தக் கணக்கையும் போடத் தெரியாத, ஆனால் இந்த ஒன்றை மிகக் குறைந்த மின்சாரத்தில் செய்துமுடிக்கும் பாகம். கோப்பின் சுருக்கமுறை அந்தச் சுற்றுக்குத் தெரியாததாக இருந்தால் வேலை முழுவதும் மையச் செயலியின் தலையில் விழுந்து, விசிறி இரைய ஆரம்பிக்கும். பழைய கணினியில் ஏவி1 என்ற புதிய சுருக்கமுறையில் அமைந்த கோப்பைப் போட்டவர்களுக்கு இந்த இரைச்சல் அறிமுகமானது.

தனிச் சுற்று இருக்கிறது, மின்சாரமும் குறைவு என்றால் வேறென்ன செலவு என்று கேட்கலாம். விடை ஓய்வில் இருக்கிறது. கணினியின் முன் அமர்ந்து கடிதம் படிப்பவர், கணினியின் கால அளவில் பார்த்தால், ஏறத்தாழ எதுவுமே செய்வதில்லை. இரண்டு விசையழுத்தங்களுக்கு இடையே கோடிக்கணக்கான சுழற்சிகள் வீணே கழிகின்றன. அந்த இடைவெளியில் செயலியின் பகுதிகளை ஒவ்வொன்றாக அணைத்துத் தூங்கவைப்பதில்தான் கடந்த இருபது ஆண்டுகளின் மின்சிக்கனப் பொறியியல் பெருமளவு செலவிடப்பட்டிருக்கிறது. திரையில் எதுவும் மாறாதபோது அடுக்குச் சேர்ப்பான் புதிதாக எதையும் சேர்ப்பதில்லை. அதற்கும் ஒரு படி மேலே சென்று, மடிக்கணினித் திரைகளுக்காக 2011-இல் ‘திரையின் தன்புதுப்பிப்பு’ என்ற முறை தரத்தில் சேர்க்கப்பட்டது. திரவப் படிகத் திரையின் ஒவ்வொரு புள்ளியும் தன் மின்னூட்டத்தைச் சிறிது சிறிதாக இழப்பதால், காட்சி மாறாவிட்டாலும் நொடிக்கு 60 முறை அதே படத்தை மீண்டும் எழுதியாக வேண்டும். இந்த எழுத்து வேலையைக் கிராபிக்ஸ் சிப் செய்வதற்குப் பதிலாக, திரையின் உள்ளேயே ஒரு சிறு நினைவகத்தை வைத்து, கடைசிப் படத்தை அதில் பதிந்து, திரை தானே தன்னைப் புதுப்பித்துக்கொள்ளவிட்டு, கிராபிக்ஸ் சிப்பும் அதிலிருந்து திரைக்குச் செல்லும் இணைப்பும் உறங்குவதே அந்த முறை.

பின்புலத்தில் அருவி ஓடினால் இந்தத் தூக்கம் முழுவதும் கலைந்துவிடுகிறது. நொடிக்கு 30 முறை சுருக்கம் விரிக்கப்பட வேண்டும். 30 முறை அடுக்குகள் புதிதாகச் சேர்க்கப்பட வேண்டும். நினைவகமும் இணைப்பும் விழித்தே இருக்க வேண்டும். ஒரு கணினி இதனால் கூடுதலாக 5 வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், நாளுக்கு 8 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் என்ற கணக்கில் 12 யூனிட் ஆகிறது. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாகக் கிடைக்கும் தமிழ்நாட்டு வீட்டுக்கு இது பொருட்டே அல்ல. ஆயிரம் கணினிகள் உள்ள ஓர் அலுவலகத்துக்கு ஆண்டுக்கு 12,000 யூனிட், அதோடு அந்த வெப்பத்தை வெளியேற்றும் குளிர்சாதனத்தின் பங்கும் சேரும். மடிக்கணினியில் கணக்கு வேறு விதமாகக் கடிக்கிறது: 50 வாட்-மணி பேட்டரி சராசரியாக 6 வாட் எடுத்தால் எட்டு மணி நேரத்துக்கு மேல் வரும், 11 வாட் எடுத்தால் நாலரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும்.

கணினிக்குப் போலவே கண்ணுக்கும் ஓய்வு தேவை என்பதால் இன்னொரு செலவும் இதில் சேர்கிறது. விழித்திரையில் நுண்ணிய எழுத்தைப் படிக்கக்கூடிய நடுப்பகுதி, பார்வைப் புலத்தில் ஏறத்தாழ இரண்டு பாகை அளவே. அதைச் சுற்றியுள்ள பெரும் பகுதி விவரத்தில் மங்கல், அசைவில் கூர்மை. புதரில் ஏதோ அசைந்ததும் தலை தானாகத் திரும்புவது இந்தப் பகுதியின் வேலை. இணையப் பக்கங்களின் அணுகல்தன்மைக்காக 2008-இல் வெளியிடப்பட்ட உலகத் தர வழிகாட்டுதல், தானாகத் தொடங்கி ஐந்து நொடிக்கு மேல் ஓடும் எந்த அசைவையும் பயனர் நிறுத்தி வைக்க வழி இருக்க வேண்டும் என்று வலியுறுத்தியதற்கும் இதுவே காரணம்.

தொழிற்சாலைத் தளம் இந்தப் பாடத்தை முன்னரே கற்றுக்கொண்டது. ஜப்பானிய உற்பத்தி முறையைப் பின்பற்றும் வாகன ஆலைகளில் உற்பத்தி வரிசைக்கு மேலே தொங்கும் ‘ஆண்டான்’ பலகை, எந்த நிலையத்தில் வேலை தடைபட்டது என்பதை நிறத்தாலும் மினுக்கத்தாலும் காட்டுகிறது. காகித விளக்கைக் குறிக்கும் ஜப்பானியச் சொல் அது. இயந்திரங்களைக் கண்காணிக்கும் திரைகளின் வடிவமைப்புக்காக 2015-இல் வெளியான ஐஎஸ்ஏ-101 தரமும், அதைச் சார்ந்து வளர்ந்த நடைமுறையும், பின்புலம் மங்கலான சாம்பல் நிறத்தில் அசையாமல் இருக்க வேண்டும், பளிச்சென்ற நிறமும் மினுக்கமும் அபாய அறிவிப்புக்கு மட்டுமே ஒதுக்கப்பட வேண்டும் என்ற கருத்தில் நிற்கின்றன. சுழலும் விசிறியும் ஓடும் திரவமுமாக அழகாக உயிரூட்டப்பட்ட பழைய கட்டுப்பாட்டுத் திரைகள் விருந்தினருக்குக் காட்டத்தான் ஏற்றவையாக இருந்தன. இரவுப் பணியில் இருப்பவருக்கு அவை எதையும் சொல்லவில்லை. வரவேற்பறையிலும் கண்காட்சியிலும் கடை முகப்பிலும் அசையும் பின்புலம் பொருத்தமே; கூர்ந்து பார்த்துப் பழுதைக் கண்டறிய வேண்டிய இடத்தில் அது இடைஞ்சல்.

ஸ்ரீபெரும்புதூரில் பொருத்தப்படும் கருவிகளின் போக்கும் இதே திசையில்தான் செல்கிறது. கரிம ஒளியுமிழ் திரைகளில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்வதால், பழைய பாஸ்பர் காலத்தின் நிழல் படியும் சிக்கல் புதிய வடிவில் திரும்பியுள்ளது. அந்த வகையில் அசையும் படத்துக்கு ஒரு சிறு நியாயம் கிடைத்தது போலத் தோன்றும். ஆனால் தயாரிப்பாளர்கள் தேர்ந்தெடுத்த வழி வேறு: 2022-இன் ஐபோன் 14 ப்ரோ, எப்போதும் ஒளிரும் பூட்டுத்திரையை மங்கலாக்கி, புதுப்பிப்பை நொடிக்கு ஒரே முறையாகக் குறைக்கிறது. அதே ஆண்டு வந்த ஐஓஎஸ் 16, பூட்டுத்திரையில் அதுவரை இருந்த அசையும் வால்பேப்பரை நீக்கியது; பயனர்களின் குறைகூறலுக்குப் பின் 2023-இல் ஐஓஎஸ் 17 அதைத் திருப்பித் தந்தது. ஆசை அவ்வளவு எளிதில் அடங்குவதில்லை.

அந்த ஆசையை அடக்கச் சொல்வது இந்த நூலின் நோக்கமும் அன்று. வீடியோ வால்பேப்பர் வைத்திருக்கும் வாசகர் விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, செயல்திறன் பக்கத்தில் ஜிபியு என்ற வரியைச் சொடுக்கினால், வீடியோவை விரிக்கும் சுற்றின் வேலை தனி வரைபடமாகத் தெரியும். பிறகு ஏதேனும் ஒரு சாளரத்தை முழுத்திரைக்கு விரித்துவிட்டுச் சில நொடிகள் கழித்து அந்த வரைபடத்தைப் பார்க்க வேண்டும். கோடு அடியில் படிந்திருந்தால் மென்பொருள் தன் அருவியை நிறுத்தி வைத்திருக்கிறது. படியாமல் ஓடிக்கொண்டிருந்தால், மென்பொருளின் அமைப்புகளில் ‘முழுத்திரையின்போது நிறுத்து’, ‘பேட்டரியில் இயங்கும்போது நிறுத்து’ என்ற பொருளில் இருக்கும் இரண்டு தேர்வுகளையும் இன்றே இட்டுவிடுக.